கணப்பறையில் மூன்று பேர்

ஊருக்கெல்லாம் குழாய் பழுதுபார்க்கிறவன் வீட்டிலேயே குழாய் வெடித்துவிட்டது என்று காலையில் முட்டைக்காரி வந்து சொன்னபோது, மெத்தைக்காரிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அந்தச் சிரிப்பு சாயங்காலம் வாசல்கதவைத் திறக்கிற வரைக்கும்தான் தாங்கியது. வெளியே அவள் புருஷனும், அவரோடு தண்ணி ஆபீசில் ஜோடியாக வேலைபார்க்கிற சீட்டியும், ஒரு மெத்தையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மெத்தை நனைந்திருந்தது. நனைந்தது உறைந்து, பலகை போல விறைத்துக் கிடந்தது.

"ரெண்டு நாளைக்குத்தான்," என்றார் புருஷன்.

"வந்துட்டேன் அண்ணி," என்றான் சீட்டி, ஏதோ அவள் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி.

அவள் பின்னால் நகர்ந்தாள். வழிவிட்டாள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் வாசல் வழியாக வந்த குளிர்தான் அவளை நகர்த்தியது.

அந்த வருஷத்துக் குளிர் மனுஷனுக்கு ஆகாத குளிர். வாளித் தண்ணீரை இரவு மூடிவைத்தால் காலையில் சுத்தியல் வைத்துத்தான் உடைக்க வேண்டும். துவைத்துக் காயப்போட்ட சட்டை கொடியில் கையை விரித்துக்கொண்டு ஆள் மாதிரி நிற்கும். தெருவில் யாரும் யாரையும் நின்று விசாரிப்பதில்லை. வாயைத் திறந்தால் பல் கூசியது. நாய்கள்கூடக் குரைப்பதைச் சுருக்கிக்கொண்டன.

அவர்கள் வீட்டில் இருந்தது கரி போட்டு மூட்டுகிற ஒரே ஒரு இரும்புக் கணப்பு. அது முன்னறையில் இருந்தது. பின்னால் படுக்கிற அறைக்கு நடுச்சுவர் வழியாகக் கொஞ்சம் சூடு கசியும், அடுக்களைக்கு அதுவும் கிடையாது. ஆக, குளிர்காலத்தில் வீடு என்றால் அந்தக் கணப்பறைதான். அந்த அறைத்தரை முழுவதும் மெத்தைக்காரியின் தொழிற்சாலை. குளிர் வந்தால்தான் அவளுக்கு வேலை. ஊரில் பாதிப் பேர் அவள் தைத்த, மெத்தை போலத் தடித்த பஞ்சுப் போர்வைக்குள்தான் தூங்கினார்கள். துணியைத் தரையில் விரித்து, பஞ்சைக் கையால் உதறி உதறிச் சமமாகப் பரப்பி, மேல்துணி போட்டு, நாலு பக்கமும் கல் வைத்து, பிறகு அதன்மேலேயே முழங்காலால் நகர்ந்து நகர்ந்து நீள ஊசியால் குறுக்குத் தையல் போடவேண்டும். முடிக்கிற வரைக்கும் அதை எடுக்கக் கூடாது. பாதியில் சுருட்டினால் பஞ்சு ஒரு மூலைக்கு ஓடிவிடும்.

சீட்டிக்குப் படுக்க இடம் அந்தக் கணப்பறைத் தரைதான். அதனால் தினமும் சாயங்காலம் அவள் பாதித் தையலில் போர்வையைச் சுருட்ட வேண்டியிருந்தது. காலையில் விரித்தால், நேற்று வயலைப் போலப் பரப்பிவைத்த பஞ்சு இன்று பன்றி கிளறின மாதிரி கிடக்கும். திரும்ப உதறு, திரும்பப் பரப்பு.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். மூன்று நாள் போயிற்று. ஒரு வாரம் போயிற்று. சீட்டியின் அறை ஒரு பாத்திரக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது. கட்டடத்துச் சொந்தக்காரர், பனி விட்ட பிறகுதான் குழாயில் கைவைப்பேன் என்று சொல்லிவிட்டாராம்.

"அவரு சொன்னா? உங்க கூட்டாளிக்குக் கை இல்லையா? அவன் வேலையே அதுதானே?" என்று அடுக்களையில் புருஷனைக் கேட்டாள்.

"சுவத்துக்குள்ள ஓடுற குழாய். சுவத்த உடைக்கணும்."

"உடைக்கட்டும்."

"அது அவன் சுவரா?"

"இது மட்டும் அவன் வீடா?"

அவர் டீத் தம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவரோடு சண்டைபோடுவது பஞ்சு மூட்டையைக் குத்துவது மாதிரி. கை உள்ளே போகும், வெளியே வரும், மூட்டை அப்படியே இருக்கும். கல்யாணம் ஆனதிலிருந்து அப்படித்தான். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர் என்று அவள் அம்மா பெருமையாகச் சொல்லிக் கட்டிவைத்தாள். கடிக்கவேண்டாம், பேசவாவது கூடாதா? "சாப்பாடு ஆச்சா", "கரி தீர்ந்துடுச்சு", "மககிட்டேருந்து போன் வந்துச்சா", இந்த மூன்றில் அவர் ஒரு நாளை ஓட்டிவிடுவார். மகள் வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கப் போன பிறகுதான் இரண்டு மூன்றாயிற்று.

அப்படிப்பட்ட மனுஷன் சீட்டி வந்த மறுநாளே சிரித்தார்.

அவள் அடுக்களையில் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். கணப்பறையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, தொண்டையில் இடறி, இருமலில் முடிகிற சிரிப்பு. யாரோ புது ஆள் வந்திருக்கிறார் என்று எட்டிப்பார்த்தாள். அவள் புருஷன்தான். கணப்புக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து, தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். கத்தியோடு அங்கேயே நின்றாள். அவளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் நுழைந்தால் நிற்குமே, அப்படி.

அன்றிலிருந்துதான் அவளுக்கு அந்த ஆள் மேல் உண்மையான வெறுப்பு விழுந்தது. தரை போனதுகூடப் பெரிதில்லை.

சீட்டிக்கு ஊரில் வேறு பெயர் இருந்ததோ என்னவோ, யாருக்கும் நினைவில்லை. முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் போகிற இடைவெளி. அதன் வழியாக எந்நேரமும் சீட்டியடிப்பான். பாட்டை முழுசாக அடித்தாலாவது சகிக்கலாம். பாதியில், சரியாக மேலே ஏறுகிற இடத்தில் நிறுத்திவிடுவான். அவள் ஊசியைப் பிடித்தபடி மீதி வரும், வரும் என்று காத்திருப்பாள். வராது. "முழுசா அடிச்சுத் தொலைய மாட்டானா" என்று பல்லைக் கடித்ததில் ஒருநாள் ஊசி விரலில் ஏறிவிட்டது.

அவள் தன்னால் ஆனதெல்லாம் செய்தாள். காலையில் அவன் எழுவதற்கு முன்னாலேயே பஞ்சு உதறினாள். அவன் தும்மிக்கொண்டே எழுந்து, "கனவுல பனி பெய்யுதுன்னு நெனச்சேன் அண்ணி," என்றான். ஜன்னலைத் திறந்துவைத்தாள். "நல்லது அண்ணி, புகை போகட்டும்," என்று கோட்டை மாட்டிக்கொண்டான். சூப்பில் அவன் கிண்ணத்துக்கு மட்டும் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டாள். அவன் ஒரு வாய் குடித்தான். கண் கலங்கியது. ரொட்டியைத் தோய்த்துத் தோய்த்துத் தின்றான். புருஷன் அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எழுந்துபோய்க் கெட்டிலை எடுத்துவந்து அவன் கிண்ணத்தில் வெந்நீரை ஊற்றினார். தன் கிண்ணத்திலும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார், வித்தியாசம் தெரியக்கூடாது என்று.

அந்த வெந்நீர் அவளை எப்படிச் சுட்டது என்று சொல்லி முடியாது.

பிறகு அடுக்களைக் குழாய் விஷயம். அது போன வருஷக் குளிரிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டுகிற இடத்தில் கூர்கூராக ஐஸ் கட்டி, பாத்திரம் கழுவுகிற கையைக் கிழிக்கும். "குழாய்க்காரன் பொண்டாட்டி, குழாய் சொட்டுது" என்று தெருவே சிரிக்கும்படி அவள் சொல்லிப் பார்த்துவிட்டாள். "பாக்கலாம்" என்பார். ஒருநாள் அவள் முடிந்த போர்வைகளைக் கடையில் போட்டுவிட்டுத் திரும்பியபோது இரண்டு பேரும் அடுக்களைத் தரையில் படுத்துக் கிடந்தார்கள். ஒருவர் கையில் ரென்ச், இன்னொருவன் கையில் விளக்கு. ரப்பர் வளையத்தை யார் தொலைத்தது என்று ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு. அரைமணியில் குழாய் சொட்டுவது நின்றது.

"எப்படி அண்ணி?" என்றான் சீட்டி, நெற்றியில் கறுப்பு மையோடு.

"எத்தனை தடவை சொன்னேன்?" என்று அவள் புருஷனைத்தான் கேட்டாள். "எத்தனை தடவை சொன்னேன், ஒருதரம் கை வந்துச்சா?"

"அதான் இப்ப ஆச்சே," என்றார் அவர்.

ஒரு மனுஷி நன்றி சொல்லவேண்டிய இடத்தில் இப்படி எள்ளும் கொள்ளுமாக வெடிக்கிறாளே என்று அவர் முழித்தார். அவர் முழித்ததைப் பார்த்து அவளுக்கு இன்னும் கொஞ்சம் வெடித்தது.

முட்டைக்காரி மட்டும்தான் அவளுக்குக் காது கொடுத்தாள். கூடையை இறக்கிவைத்து, கைகளைக் கணப்பில் காட்டிக்கொண்டு, "இடத்தைக் குடுத்தா மடத்தைப் பிடுங்குவாங்கக்கா. சொல்லிப்புட்டேன்," என்பாள். "பொண்டாட்டி புள்ளைன்னு ஒருத்தர் இல்லாத ஆளு. அவனுக்கென்ன, உன் சூப்பு, உன் கரி, உன் தரை."

"என் புருஷனையும் சேத்துக்க," என்றாள் மெத்தைக்காரி.

முட்டைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மெத்தைக்காரி சிரிக்கவில்லை.

"அவரு அவன்கூடப் பேசறாரு. உனக்குத் தெரியுமா? உக்காந்து கதை கதையா பேசறாரு. சின்ன வயசுல ஏரியில விழுந்ததப் பேசறாரு. அவரு ஏரியில விழுந்தாருன்னு எனக்கு இப்பத்தான் தெரியும். கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு தெரிஞ்சுக்கறேன்."

"ஆம்பளைங்க அப்படித்தான் அக்கா."

"எனக்கு ஆம்பளைங்களப் பத்தித் தெரிய வேணாம். ஒரே ஒரு ஆம்பளையப் பத்தித் தெரிஞ்சாப் போதும்."

அது நடந்தது ஒரு விடுமுறை நாள் மத்தியானம். காலையிலிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் கரிப்புகையும் முட்டைக்கோஸ் வேகிற வாடையும் ஈரக் கம்பளி நாற்றமும் கலந்து அடித்தன. மெத்தைக்காரி பின்னறையில் பெட்டியிலிருந்து மேல்துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கதவு ஒருக்களித்திருந்தது.

"நீ மம்பட்டியத் தூக்கிப் போட்டுட்டு வெறுங்கையால பறண்டின பாரு, எலி மாதிரி," என்று அவள் புருஷன் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மம்பட்டியால வெட்டினா உங்க மண்டை ரெண்டாப் போயிருக்குமே அண்ணே."

"அதுக்குன்னு காதைப் பிடிச்சு இழுப்பியாடா? ஒரு வாரம் அந்தக் காது கேக்கல எனக்கு."

"கைக்கு என்ன ஆம்புட்டுச்சோ அதைப் பிடிச்சேன். நல்லவேளை, உங்களுக்குக் காது பெருசு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் புருஷனின் குரல் வேறு மாதிரி வந்தது. "இன்னும் கொஞ்சம் நேரம் ஆயிருந்தா நான் போயிருப்பேன்டா."

"அதை விடுங்கண்ணே."

மெத்தைக்காரி கதவைத் தள்ளினாள். கையில் துணி தொங்கிக்கொண்டிருந்தது.

"எங்க போயிருப்பீங்க?"

புருஷன் கம்பியை எடுத்துக் கணப்பைக் கிளறினார்.

"கேக்கறேன்ல? எங்க போயிருப்பீங்க?"

"ஒண்ணும் இல்ல அண்ணி," என்றான் சீட்டி. "போன வருஷம் பனி உருகுற சமயத்துல, ஒரு குழியில லேசா மண்ணு சரிஞ்சுது. இடுப்பு வரைக்கும்தான். நம்ம வேலையில அது சகஜம்."

"உன்னை நான் கேக்கல." அவள் புருஷனைப் பார்த்தாள். "போன வருஷமா? நடந்து ஒரு வருஷம் ஆச்சா? நான் எங்க இருந்தேன்? ஊர்ல இல்லையா? உசிரோட இல்லையா?"

"ஒண்ணும் ஆகலியே," என்றார் அவர்.

"ஆகியிருந்தா? ஆகியிருந்தா எனக்கு யாரு வந்து சொல்லியிருப்பா? இவன் வந்து சொல்லியிருப்பானா? சீட்டியடிச்சுக்கிட்டே வந்து சொல்லியிருப்பானா?"

"அண்ணி..."

"அண்ணியாவது ஆட்டுக்குட்டியாவது! உனக்கு ஏதுய்யா நான் அண்ணி? என் வீட்டுல என் கணப்பு முன்னால உக்காந்து என் தாலி அறுந்துபோக இருந்ததச் சொல்லிச் சிரிக்கிறீங்க. காது பெருசாம். எனக்குத் தெரியாத ஒரு சாவு இந்த வீட்டுல இருக்கு, அதை ரெண்டு பேரும் பங்குபோட்டுத் தின்னுக்கிட்டு இருக்கீங்க!"

அவள் மூலையில் சுருட்டிவைத்திருந்த சீட்டியின் மெத்தையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து இழுத்தாள். அது இப்போது காய்ந்து கனம் குறைந்திருந்தது. வாசல்கதவைக் காலால் உதைத்துத் திறந்து, தெருவில் பனியின்மேல் உருட்டிவிட்டாள். பின்னாலேயே அவன் பை, பூட்சு, சோப்புப் பெட்டி.

"போ. இப்பவே போ."

சீட்டி எழுந்தான். கோட்டை மாட்டினான். வெறுங்காலோடு வாசலில் இறங்கிப் பூட்சை மாட்டிக்கொண்டான். வெளியே மெத்தையைத் தனியாளாகத் தூக்கப் பார்த்தான். நடுவில் மடிந்து மடிந்து விழுந்தது.

அவள் புருஷன் அதைக் கொஞ்சநேரம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தொப்பியை எடுத்தார்.

"எங்க கிளம்பறீங்க?"

"மெத்தைய ஒருத்தனாத் தூக்க முடியாது," என்றார்.

ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் தெருவில் நடந்தார்கள், தண்ணி ஆபீஸ் குழாயைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி கால் மாற்றாமல். தெருமுனையில் திரும்பும்போது அவர் ஒருமுறை பார்ப்பார் என்று அவள் நினைத்தாள். முன்னால் வழுக்கும் இடம் இருந்தது. அவர் காலைப் பார்த்து நடந்தார்.

அன்று அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

கணப்பறைத் தரை முழுவதும் இப்போது அவளுடையது. போர்வையை விரித்தால் விரித்தபடி கிடந்தது. பஞ்சு நகரவில்லை. சூப்பில் உப்பு சரியாக இருந்தது. அடுக்களைக் குழாய் சொட்டவில்லை, சொட்டாத சத்தம் காதைத் துளைத்தது. அவள் முழங்காலில் நகர்ந்து நகர்ந்து தைத்தாள். ஒவ்வொரு தையலுக்கும் ஒரு வசவு. ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். வரட்டும், வந்தால் கதவைத் திறப்பதா வேண்டாமா என்று யோசித்தாள். வராதவருக்குக் கதவைத் திறக்காமல் இருப்பது எப்படி என்றுதான் தெரியவில்லை.

முட்டைக்காரி செய்தி கொண்டுவந்தாள். "ரெண்டு பேரும் அந்த மாடியறையிலதான் இருக்காங்க அக்கா. கணப்புன்னு பேருக்கு இருக்கு, ஆனா தண்ணி கிடையாது. பக்கெட்டுல தூக்கறாங்க. நேத்து சுவத்தை உடைக்கிற சத்தம் கேட்டுச்சாம். கட்டடக்காரர் வந்து கத்திட்டுப் போனாராம்."

"கத்தட்டும்."

"பாவம்கா, உன் வீட்டுக்காரர். மெலிஞ்சுபோயிட்டாரு."

"நாலு நாள்ல எவனும் மெலிய மாட்டான். முட்டைய எண்ணி வச்சுட்டுப் போ."

முட்டைக்காரி போன பிறகு மெத்தைக்காரி போர்வையை மடித்துக் கட்டினாள். பின்னறைக்குப் போய்ப் படுக்கையை உதறினாள். அவர் பக்கத்துத் தலையணையைத் தட்டும்போது கை நின்றது. தலையணையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைக் கீழே போட்டாள். கோட்டை மாட்டினாள், தலையைச் சுற்றிக் கம்பளித் துண்டைக் கட்டினாள், கதவைப் பூட்டினாள்.

பாத்திரக்கடைப் படிக்கட்டில் ஐஸ் கட்டியிருந்தது. கைப்பிடியைப் பிடித்தால் கையுறை ஒட்டிக்கொண்டது. மேலே போகப் போக உள்ளிருந்து பேச்சு கேட்டது. சிரிப்பு இல்லை. சண்டை.

"வீட்டுக்குப் போங்கண்ணே. உங்க குறட்டையில என்னால தூங்க முடியல."

"குழாய முடிச்சுட்டுப் போறேன்."

"குழாய நான் முடிச்சுக்குவேன். நீங்க போய் அண்ணிகிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்க."

"என்ன பேசறது?"

"அதையும் நானே சொல்லிக் குடுக்கணுமா?"

அவள் கதவைத் தட்டாமல் திறந்தாள். சிறிய அறை. சுவரில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை. அதற்குள் துணி சுற்றிய குழாய். தரையெல்லாம் காரைத்தூள். சீட்டி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். புருஷன் ஓட்டைக்கு முன்னால் குந்தியிருந்தார், கையில் வெந்நீர்க் கெட்டில். இருவருடைய மூச்சும் ஆவியாக நின்றது. அவளைக் கண்டதும் இரண்டு பேரும் எழுந்தார்கள்.

"சொல்லல, சொல்லலன்னு கத்தினேனே," என்றாள் அவள். மூச்சு இன்னும் சீராகவில்லை. "நீங்க சொல்ல வந்தீங்களா?"

அவர் கெட்டிலைக் கீழே வைத்தார்.

"வந்தேன்," என்றார். "வாசல்ல நின்னு வாயத் திறந்தேன். நீ தச்சுக்கிட்டு இருந்த. வெள்ளைத் துணி. உள்ள வராதீங்க, சேறு பஞ்சுல படும், எல்லாத்தையும் வெளியவே கழட்டிட்டு வாங்கன்னு சொன்ன. கழட்டிட்டு வந்தேன். அப்புறம் சொல்ல வரல."

அவளுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. அந்தச் சட்டையை மாற்றி மாற்றித் தண்ணீர் விட்டு அலசியதும், அலசும்போது திட்டியதும்.

"ஒரு சட்டைக்கா?" என்றாள். "மறுநாள் சொல்லக் கூடாதா? அதுக்கு மறுநாள்? நான் ஒருதரம் கடுப்பா பேசினா நீங்க ஒரு வருஷம் வாய மூடிக்குவீங்களா? நான் என்ன ஜோசியக்காரியா?"

"தப்புதான்."

"தப்பு உங்களுதுன்னு எனக்குத் தெரியும். என்னுதும் தெரியும். அதுக்கு நான் வரல." அவள் சீட்டியின் பக்கம் திரும்பினாள். "இடுப்பு வரைக்கும்னு சொன்னியே."

சீட்டி தரையைப் பார்த்தான்.

"மறுநாள் காலையில அவரு தலகாணியத் தட்டினா மண்ணு. சீப்பு முழுக்க மண்ணு. தலைய ஒழுங்காக் கழுவாமப் படுத்துட்டாருன்னு அதுக்கும் நான் கத்தினேன். இடுப்பு வரைக்கும் மண்ணுல நின்ன மனுஷனுக்குத் தலைமயிர்க்காலுக்குள்ள எப்படி மண்ணு போச்சு?"

அறையில் குழாய்க்குள் எங்கோ ஐஸ் நொறுங்குகிற சத்தம் கேட்டது. சீட்டி மெதுவாகக் கதவுப்பக்கம் நகர்ந்தான். "நான் கீழ போய் ஒரு பக்கெட் தண்ணி..."

"நீ உக்காருய்யா," என்றாள் அவள். "எங்க போற? நீ எந்திரிச்சுப் போனா இந்த வாய் திரும்ப மூடிக்கும். நீ இருந்தாத்தானே அவருக்குப் பேச வருது. உக்காரு."

சீட்டி உட்கார்ந்தான்.

"இப்பச் சொல்லுங்க. முதல்லேருந்து. சிரிச்சுக் காட்ட வேணாம்."

அவர் சொன்னார். தட்டுத்தடுமாறித்தான் சொன்னார். ஒரு தெருமுனையில் பெரிய குழாய் ஒழுகியது, குழி தோண்டினார்கள், வால்வு இன்னும் கீழே இருந்தது, இன்னும் தோண்டினார்கள். அவள் நின்றுகொண்டே குறுக்குக் கேள்வி போட்டாள்.

"குழிச்சுவத்துக்குப் பலகை முட்டுக் குடுக்கலியா?"

"ஒரு பக்கம் குடுத்தோம்."

"இன்னொரு பக்கம்?"

"சீக்கிரம் முடிஞ்சிரும்னு நெனச்சேன்."

"அறிவு வேணாம்?"

"வேணும்," என்றார் அவர்.

"மண்ணு வந்தது எது வரைக்கும்?"

அவர் கையை மார்புக்கு நேராக வைத்தார். சீட்டி அவரையே பார்த்தான். கை கழுத்துக்கு ஏறியது. அங்கே கொஞ்சம் நின்றது. பிறகு முகத்தைத் தாண்டி, நெற்றியைத் தாண்டி, தலைக்கு மேலே போய் உள்ளங்கை கீழே பார்த்தபடி நின்றது. அவள் அண்ணாந்து அந்தக் கையைப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரம்?"

"எனக்குத் தெரியாது," என்றார். "இருட்டா இருந்துச்சு. அதை அவனைத்தான் கேக்கணும்."

மெத்தைக்காரி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தாள். கட்டிலில் கிடந்த ரென்சை ஒதுக்கிவைத்துவிட்டு, சீட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ சொல்லு," என்றாள்.